பதினேழாம் எண் புன்னை

போன வாரம் எங்கள் வீட்டு மாமரத்தை விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். சவுதியிலிருந்து திரும்பி வந்து பக்கத்தில் வீடு கட்டியிருப்பவர் புகார் கொடுத்திருக்கிறார். என் மாமரத்துச் சருகு அவருடைய கார்மேல் விழுகிறதாம். சருகு பின்னே மேலேயா பறக்கும்? இதை அவரிடம் கேட்கவில்லை, அக்கம்பக்கம் வேண்டுமே. வந்த பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். மொபைலில் நாலு பக்கமும் படமெடுத்தார். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சார், மரம் சாஞ்சிருக்கா? ஆமாவா இல்லையாண்ணு ஏதாவது ஒண்ணு சொல்லணும்."

இல்லை என்றேன். அவரும் விரலால் தட்டி முடித்துவிட்டு, மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அதே கேள்விக்கு ஒருகாலத்தில் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் வாயில் கசக்கிறது.

எனக்கு முதல் வேலை கிடைத்தது இராஜாக்கமங்கலம் பக்கம், கடலோரத்துப் பேரூராட்சி ஒன்றில். இளநிலை உதவியாளர். நான் பிறந்து வளர்ந்தது தோவாளையில். எங்கள் ஊரில் விடியும்போதே பிச்சிப்பூ மணக்கும். அரளி, சம்பங்கி, மரிக்கொழுந்து என்று எல்லாம் இடுப்பளவுச் சமாச்சாரம். அதற்கு மேலே என் தாவர அறிவு ஏறியதில்லை. அப்பேர்ப்பட்ட என்னிடம்தான் மரப் பதிவேட்டைக் கொடுத்தார்கள். ஆபீசில் புதிதாக வருகிறவன் தலையில் எதைக் கட்டினாலும் சுமப்பான் அல்லவா.

அந்தப் பதிவேடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீளமான பச்சை அட்டைப் புத்தகம், பழைய பசையின் வாடை. ஊரிலுள்ள புறம்போக்கு மரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மரத்தில் சுண்ணாம்பால் பட்டை அடித்து, அதன்மேல் தாரால் அந்த எண்ணை எழுதியிருப்பார்கள். புத்தகத்தில் மரத்தின் பெயர், சுற்றளவு, நிற்கும் இடம், கடைசியாகப் பயன் என்று ஒரு கட்டம். எனக்கு முன்னால் இருந்தவர் யாரோ ரசிகர். ஒரு பூவரசுக்கு நேரே 'பஸ்ஸுக்குக் காத்திருப்போர்' என்று எழுதியிருந்தார். பதினேழாம் எண்ணுக்கு நேரே 'புன்னை. நிழல். மீன் விற்கும் பெண்கள் ஆறு பேர்.'

நல்ல மரத்தை வெட்டுவது அன்று லேசுப்பட்ட காரியம் இல்லை. மனு வரவேண்டும், நோட்டீஸ் ஒட்டவேண்டும், ஆட்சேபணை கேட்கவேண்டும், மன்றத்தில் தீர்மானம் போடவேண்டும். ஒரு வேம்புக்காக வார்டு மெம்பர்கள் இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மரம் ஆபத்தானது என்றால் இதெல்லாம் வேண்டாம். உதவியாளர் நேரில் பார்த்து அறிக்கை எழுதினால் போதும். செயல் அலுவலர் கையெழுத்துப் போடுவார், மறுநாள் மரமறுக்கிற வாள் வந்துவிடும். மரத்தடியில் நிற்பவர்களைக் காப்பாற்றப் போட்ட விதி அது. ஓட்டையில்லாத சட்டி எந்த வீட்டில் இருக்கிறது?

கடற்கரைக்காரர்களிடம் இன்னொரு சட்டம் இருந்தது. அதற்குப் புத்தகம் கிடையாது. புன்னையில் ஆணி அடிக்கக் கூடாது. கொப்பை ஒடிக்கக் கூடாது, காற்றில் விழுந்ததை மட்டும் எடுக்கலாம். உதிர்கிற புன்னைக்காய் அந்த இடத்தில் உட்கார்ந்து மீன் விற்கிறவளுக்கு. அவள் அதைக் காயவைத்து எண்ணெய் ஆட்டக் கொடுப்பாள். ஒருத்தி பிரசவத்தாலோ சீக்காலோ வராமல் போனால் அவள் இடத்தில் ஓலைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வேறு யாரும் உட்கார மாட்டார்கள். இந்த வழக்கத்தை மதித்துத்தானோ என்னவோ, பேரூராட்சியும் எப்போதோ அந்த ஆறு பெண்களுக்கும் அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தது. 'மரம் எண் பதினேழின் கீழ் மீன் விற்க' என்று அதில் இருக்கும்.

அந்த ஆறு பேரில் பிலோமினா அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது, இரண்டு பெண்பிள்ளைகள். மரத்தின் தூரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பார். சாளையோ நெத்தோலியோ, ஈ அண்டாமல் மேலே ஒரு புன்னைக் கொத்தை ஆட்டிக்கொண்டே இருப்பார். புன்னை பூக்கிற காலத்தில் அந்த இடத்தில் மீன் வாடையும் பூவாசமும் சேர்ந்து வரும். முதல் மாதம் எனக்குக் குமட்டியது. அப்புறம் அந்த வாசனை இல்லாவிட்டால் ஆபீசுக்குப் போகும் வழி தப்பிவிட்டதோ என்று தோன்றும்.

புன்னைக்கு நேர் பின்னால் ஒருவர் கல்யாண மண்டபம் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, ரோட்டிலிருந்து பார்த்தால் மண்டபம் தெரியவில்லை, மரம்தான் தெரிகிறது. மாலை போட்டுக்கொண்டு வருகிற மாப்பிள்ளை மீன் கூடைகளைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். அவர் மனு கொடுத்தார். அதில் மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மரம் சாய்ந்துவிட்டது, பாவப்பட்ட பெண்கள் தலையில் விழுந்துவிடும், அவ்வளவுதான். என்னிடம் வந்து பணிவாகச் சொன்னார்.

"சாரே, நான் சொல்லதக் கேக்காண்டாம். சார் நேர்ல வந்து, சாருக்க கண்ணால பாத்து எழுதுனா போதும்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மேசையில் உட்கார்ந்தபடியே அறிக்கை எழுதுகிற ஆபீசில் நான் ஒருவன் நேரில் போகிறேன். போனதும் போனேன், கொத்தனார் ஒருவரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கிக்கொண்டு போனேன். சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று நூலில் குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அது. ஏணி வைத்து மேலே கட்டித் தொங்கவிட்டேன். குண்டு நின்ற இடத்துக்கும் மரத்தின் தூருக்கும் நாலடி. கடலுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே நாலடி சாய்ந்திருந்தது மரம். மீன் வாங்க வந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். பிலோமினா அக்கா புன்னைக் கொத்தை ஆட்டுவதை நிறுத்தவேயில்லை.

"சாரே, கயிறு நேரா நிக்கும். மரத்துக்கு என்னத்துக்கு நேரா நிக்கணும்?"

"சாஞ்சிருக்குல்லா அக்கா. ஒங்க தலையிலதான் விழும்."

"இது விழக்கூடிய சாய்ப்பு இல்ல சாரே. காத்துக்கு ஒதுங்கி நிக்கு. என்னைய கெட்டிக் கொண்டாந்த அண்ணைக்கும் இப்பிடியேதான் நிண்ணு. கடப்புறத்துல நேரா நிக்க ஒரு மரத்தக் காட்டுங்க பாப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். படிக்காத மீன்காரிக்கு என்ன தெரியும் என்ற நினைப்புதான் கெடுத்தது. அன்று சற்றுத் தலையைத் திருப்பியிருந்தால் போதும். கரையோரம் நின்ற பூவரசு, வேலி முருங்கை, தெருமுனை வேம்பு எல்லாம் கிழக்கே ஒருச்சாய்ந்துதான் நின்றன. வருஷாவருஷம் ஆனி ஆடிக் காற்றில் வளர்ந்த மரம் வேறு எப்படி நிற்கும்? காற்றடிக்காத நாளில் போய், பூச்செடி பார்த்த கண்ணால் பார்த்துவிட்டு, 'நான்கு அடி சாய்வு, எந்த நேரமும் விழும் அபாயம், நேரில் அளந்து காணப்பட்டது' என்று எழுதினேன். நேரில் அளந்து என்பதன் கீழே கோடு வேறு போட்டேன்.

மூன்றாம் நாள் காலை வெட்ட வந்தார்கள். நானும் நின்றேன், விதிப்படி நான் நிற்கவேண்டும். பத்து மணிக்குத் தொடங்கினது, மத்தியானம் சாப்பாட்டு வேளை தாண்டியும் அடிமரம் பாதிகூட அறுபடவில்லை. சிவப்பாக வைரம் பாய்ந்த கட்டை, ஒரு பொத்தல் கிடையாது. மேற்குப் பக்க வேர்கள் மண்ணுக்குள் என் தொடை கனத்துக்கு ஓடியிருந்தன. வாள்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதையா சாரே விழும்ணு எழுதுனிய?"

நிறுத்தச் சொல்லியிருக்கலாமா? பாதி அறுத்த மரத்தை என்ன செய்வது. அப்படிச் சொல்லித்தான் அன்று சும்மா நின்றேன். ஆறு பெண்களும் எதிர்ப்பக்கம் வெயிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்டை போடுவார்கள் என்று பயந்து ஆபீசில் போலீசுக்குச் சொல்லி வைத்திருந்தோம். அதற்கு வேலையே வரவில்லை. மரம் விழுந்தபோது, கடலில் ஆள் போனால் செய்வதுபோல, பிலோமினா அக்கா முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் மறந்திருப்பேன். மனுஷ மனம் அதற்கெல்லாம் பழகினதுதான். அவர்கள் குடையை விரித்துக்கொண்டு வெட்டின குற்றியைச் சுற்றியே மீன் விற்றார்கள். மண்டபக்காரர் மறுபடி மனு கொடுத்தார். அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு செயல் அலுவலரிடம் போனேன், அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லத்தான் போனேன். அவர் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மரம் எண் பதினேழின் கீழ்னுதானய்யா போட்டிருக்கு. மரமே இல்ல. அப்புறம் எதுக்குக் கீழ? ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸ் போடும்."

போட்டேன். நானே டைப் அடித்து, நானே கொண்டுபோனேன். மரத்தடியில் நிற்பவர்களைக் காக்க எழுதின விதி, அங்கே விற்பவர்களைக் காக்க எழுதின சீட்டு, இரண்டையும் வைத்தே மரத்தையும் பெண்களையும் தீர்த்தாயிற்று. ஒரு சட்டத்தையும் மீறவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

"எனக்கு எழுத்து அறியாது, சாரே வாசிங்க" என்றார் பிலோமினா அக்கா. வாசித்தேன்.

"ஆக்கிரமிப்புண்ணா என்னவாக்கும்?"

"நமக்கு உரிமை இல்லாத இடத்துல இருக்கது."

"தோவாளையில இருந்து வந்து சாரு இஞ்ச இருக்கியளே, அது என்னவாக்கும்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல்தான் இருந்தது. நான் கையெழுத்துக்குப் பதிலாக அவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். விரலில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. அது காகிதத்திலும் ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதத்தில் அந்த இடத்தில் சிமெண்டுக் கல் பாவி, தொட்டிகளில் அலங்காரப் பனை வைத்தார்கள். அவை மட்டும் தூக்குக்குண்டு பிடித்ததுபோல் நேராக நின்றன.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அதே ஊரில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, புதிதாக மனை போட்ட தெருவில் வாடகைக்கு வீடு எடுத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறேன், தெருவில் "மீனே" என்று குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பிலோமினா அக்கா, தலையில் அலுமினியச் சருவம். உட்கார்ந்து விற்க இடமில்லாததால் சுமந்து விற்கக் கிளம்பியிருக்கிறார். கூடையோடு வருகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், நடைதான். என் மனைவி கதவைத் திறக்குமுன் நான் உள்ளறைக்குள் போய்விட்டேன்.

அன்று தொடங்கிய ஒளிவு, நாலு வருஷம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவர் வருவார். குரல் தெருமுனையில் கேட்டாலே நான் குளியலறைக்கோ உள்ளறைக்கோ போய்விடுவேன். கட்டின மனைவியிடம்கூட விஷயத்தைச் சொல்லவில்லை.

"ஒங்களுக்கு மீன் கூட்டான் மட்டும் வேணும், மீன்காரி வந்தா ஆவாது" என்று அவள் கேலி செய்வாள். தோவாளைக்காரனுக்கு மீன் வாடை பிடிக்காது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டேன். அந்த மீனைத்தான் மத்தியானம் சப்புக்கொட்டித் தின்றேன்.

ஒருநாள் பங்குனி வெயில். வழக்கம்போல் உள்ளறையில் நிற்கிறேன். சருவத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், என் மனைவியிடம் பேசுவதுபோல, ஆனால் எனக்குக் கேட்கும்படி.

"மக்களே, சாரு உள்ளதான் நிக்காருண்ணு எனக்குத் தெரியும். வெளிய வரச் சொல்லு. நான் ஒண்ணும் கேக்க வரல்ல. ஒரு செம்பு தண்ணி தா, செத்த நேரம் இந்த நடையில இருந்துட்டுப் போறேன். இந்தத் தெரு முழுக்க நடந்துட்டேன், வெயிலுக்கு ஒதுங்கி நிக்க ஒரு மரம் இல்ல."

மனைவி என்னைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மனுஷியின் முகத்தைப் பார்க்க எனக்கு அன்று தைரியம் இல்லை. தண்ணீர் குடிக்கிற சத்தமும், சருவத்தைத் தூக்கும்போது அவர் "அம்மா மாதாவே" என்று முனகியதும் கேட்டன. காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தபிறகுதான் வெளியே வந்தேன். வாசற்படியில் அவர் உட்கார்ந்த இடம் வியர்வையில் நனைந்திருந்தது.

அப்புறமும் கொஞ்ச நாள் வந்தார். பிறகு வாரத்துக்கு ஒருநாள் ஆயிற்று. கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டதாம், சுமை தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம், மனைவி யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள். அதன்பின் வரவில்லை. நான் அவர் வீட்டைத் தேடிப் போயிருக்கலாம். இரண்டு கிலோமீட்டர் தூரம்தான். மாற்றல் வாங்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கு வந்துவிட்டேன்.

இப்போது எங்கள் தெருவுக்கு ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டி வைத்து ஒரு பையன் மீன் கொண்டுவருகிறான். குரல் கொடுப்பதில்லை, ஹாரன்தான். சத்தம் கேட்டதும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நானே வாசலுக்குப் போகிறேன்.