காய்மா சூப்

வெண்ணெய்ப்பழத்துக்கு நெலிதா பிறந்த ஊரில் ஒரு பெயர், வாழும் ஊரில் வேறு பெயர். பிறந்தது பெரு நாட்டில் இருக்கும் அரெகிபாவில். வாழ்வது ஸ்பெயினில், மத்ரித்தில். இரண்டு இடத்திலும் பேசுவது ஒரே ஸ்பானிய மொழிதான் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் காய்கறி வாங்கப் போகாதவர்கள்.

இருபத்து நான்கு வயதில், படுக்கையோடு கிடந்த ஒரு பணக்கார அம்மாளைப் பார்த்துக்கொள்ள மத்ரித்துக்கு வந்தாள். அந்த அம்மாள் இறந்தபோது நெலிதா மாலை வகுப்பில் மெய்ப்புத் திருத்தும் படிப்பை முடித்திருந்தாள். பிறகு ஹூலியானைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஏழு வருடம் கழித்து இரண்டு பேரும் சண்டை எதுவுமில்லாமல் பிரிந்தார்கள். அவன் இருந்தபோது கட்டிலில் ஒரு பக்கமாகவே படுத்துப் பழகியிருந்தாள். இப்போதும் அதே பக்கம்தான்.

பதினோரு வருடமாக ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தபடியே மெய்ப்புத் திருத்துகிறாள். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வரும் நாவல்களில் மத்ரித் வாசகருக்கு இடறும் சொல்லை எடுத்துவிட்டு, இங்கே புழங்கும் சொல்லைப் போட வேண்டும். கை அதற்குத் தானாகவே போகும். சமையலறை மேஜைதான் அலுவலகம். சில நாள் மாலை ஐந்து மணிக்கு ரொட்டிக் கடையில் "ஒரு நீள ரொட்டி" என்று சொல்வதுதான் அன்றைக்கு அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. கடைக்காரிக்கு அவள் "பெருக்காரி". அரெகிபாவில் அண்ணன் மகள்களுக்கு அவள் "ஸ்பெயின் அத்தை".

மார்ச் மாதம் எடில்பெர்த்தோ என்கிற இளைஞனின் முதல் நாவல் பதிப்பகத்துக்கு வந்தது. அரெகிபாக்காரன், கதையும் அரெகிபாவில். நெலிதா எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. இதைக் கேட்டு வாங்கினாள். பதினோரு வருடத்தில் அவள் ஊரிலிருந்து வந்த முதல் புத்தகம் அது. மூன்று வாரம் அதோடே சாப்பிட்டாள், அதோடே தூங்கினாள்.

திருத்திய தாள்கள் எழுத்தாளனிடம் போய்த் திரும்பின. பதிப்பாசிரியை பெகோன்யா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏம்மா நெலிதா, உங்க ஊர்ப் பையன் கோவமா இருக்கான். நாற்பத்தி ரெண்டாம் பக்கத்தைப் பாரு."

எடுத்துப் பார்த்தாள். கதையில் மகள் அப்பாவுக்கு 'காய்மா சூப்' கொண்டுவந்து வைக்கிறாள். அரெகிபாவை ஒட்டி காய்மா என்று ஒரு பகுதி உண்டு. நெலிதா அந்தச் சொல்லின் முதலெழுத்தை ஊர்ப்பெயர்களுக்குப் போடும் பெரிய எழுத்தாக்கி, 'காய்மா பகுதியின் சூப்' என்று திருத்தியிருந்தாள். மத்ரித்தில் வேறு யாருக்கு இது தெரியும் என்று அன்றைக்குத் தனக்குள் சிரித்துக்கொண்டதுகூட நினைவிருந்தது.

ஓரத்தில் எடில்பெர்த்தோ நீல மையில் எழுதியிருந்தான்: "இதைத் திருத்தியவருக்கு எங்கள் ஊரின் வரைபடம் தெரிகிறது, சமையலறை தெரியவில்லை. காய்மா என்றால் எங்கள் வீடுகளில் உப்பில்லாதது, சப்பென்று இருப்பது. தயவுசெய்து புத்தகத்தை அரெகிபாவைச் சேர்ந்த ஒருவரிடம் கொடுங்கள்."

"கேக்கறியா?" என்றாள் பெகோன்யா. "அரெகிபாக்காரிக்கு நான் எங்க போறது? இருக்கறது நீ ஒருத்தி. சொல்லிடட்டுமா அவன்கிட்ட?"

"சொல்லாத."

"சொல்லலன்னா புத்தகம் உன் கைய விட்டுப் போயிடும்டி."

நெலிதா அந்தத் தாளைக் கட்டுக்குள் திரும்பச் செருகினாள். பெகோன்யா பெருமூச்சு விட்டாள். "சரி விடு. வேற ஆள்கிட்ட கொடுத்தாச்சுன்னு எழுதிடறேன். நீயே திரும்பப் பாரு. வியாழக்கிழமைக்குள்ள வேணும்."

அன்று மாலை நாலு மணிக்கு நெலிதா அண்ணன் ரோமுலோவைக் கூப்பிட்டாள். அரெகிபாவில் காலை நேரம். அவன் டயர் கடையைத் திறந்துகொண்டிருந்தான்.

"யாரு செத்தா?" என்றான். பண்டிகை இல்லாத நாளில் அவள் கூப்பிடுவதில்லை.

"யாரும் சாகல. அண்ணா, காய்மான்னா என்ன?"

"காய்மாவா? இங்கருந்து பஸ்ல இருபது நிமிஷம். போறதுக்கு வழி கேக்கறியா?"

"இல்ல. சூப்பு காய்மான்னா?"

அவன் சிரித்த சிரிப்பில் பின்னால் யாரோ என்னவென்று கேட்டார்கள். "என் தங்கச்சி, ஸ்பெயின்காரி. உப்பு போடாத சூப்புக்கு என்ன பேருன்னு கேக்கறா." பிறகு இவளிடம், "ஏண்டி, நெசமாவே தெரியலையா? உன்னையே அம்மா அப்படித்தானே கூப்பிடுவா. மூலைல புத்தகத்தோட உக்காந்திருப்ப, பேசமாட்ட, சிரிக்கமாட்ட. 'அந்தக் காய்மாவைச் சாப்பிடக் கூப்பிடு'ன்னுதான என்னை அனுப்புவா."

"ஆமா," என்றாள் நெலிதா.

"ஞாபகம் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

வரவில்லை. அம்மாவின் குரல் வந்தது, கதவருகே நின்று கையைத் துடைக்கிற துணி வந்தது. அந்தச் சொல் மட்டும் அண்ணனின் குரலிலேயே நின்றது. அம்மா இறந்து ஆறு வருடம். அடக்கத்தை அவள் அண்ணன் மகளின் கைபேசி வழியாகப் பார்த்தாள். பாதியில் படம் நின்றுவிட்டது.

மறுநாள் காலையிலிருந்து தாள்களை வாய்விட்டுப் படித்தாள். கண்ணால் படித்தால் கை மத்ரித்துக்குப் போய்விடுகிறது. காய்மா மூன்று இடத்தில் இருந்தது; மூன்றிலும் தன் திருத்தத்தை அழித்தாள். தான் மாற்றியதில் அவன் கவனிக்காமல் விட்டிருந்த இன்னும் பதினேழு ஊர்ச் சொற்களை இவளே கண்டுபிடித்துத் திரும்ப வைத்தாள். புதன்கிழமை சாயங்காலம் தொண்டை கட்டியிருந்தது. ரொட்டிக் கடையில் விரலால் காட்டித்தான் வாங்கினாள்.

பத்து நாள் கழித்து பெகோன்யா கூப்பிட்டாள். குரலில் குறும்பு இருந்தது.

"உங்க ஊர்ப் பையனுக்குத் தலைகால் புரியல. 'இப்பதான் சரியான ஆளப் புடிச்சிருக்கீங்க, எங்க அக்கா பக்கத்துல உக்காந்து படிச்ச மாதிரி இருக்கு'ங்கறான். நன்றிப் பக்கத்துல சேத்திருக்கான். பேரு கேக்கறான். கொடுக்கவா?"

நெலிதா மேஜையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்தாள். பதினோரு வருடத்தில் எந்தப் புத்தகத்திலும் அவள் பெயர் அச்சானதில்லை.

"மொதல்ல தப்பாத் திருத்தினது யாருன்னு அவன் கேட்டா என்ன சொல்லுவ?"

"யாரோ ஒரு ஸ்பெயின்காரின்னு நெனச்சிட்டிருக்கான். அவ இப்போ எதுக்கு?"

"அவளும் நான்தானே, பெகோன்யா."

"அப்போ வேணாங்கற."

"வேணாம்."

நன்றிப் பக்கத்துக்கும் மெய்ப்பு பார்க்க வேண்டுமே. மறுநாள் அவளுக்கே வந்தது. எடில்பெர்த்தோ தன் அப்பாவுக்கும், ஆசிரியர் ஒருவருக்கும், கடைசியாக 'பெயர் சொல்ல விரும்பாத என் ஊர்க்காரிக்கும்' நன்றி சொல்லியிருந்தான். ஆசிரியரின் பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டாள். கடைசி வரியை வாய்விட்டு ஒரு முறை படித்தாள். அதில் திருத்த ஒன்றுமில்லை.