கும்பினித் துரையின் மூக்கு

அந்தமான் என்றாலே மெயின்லேண்ட் ஆட்களுக்கு ஜெயில்தான் ஞாபகம் வரும். என் அத்தையைப் பெண் பார்க்க வரவிருந்த மதுரைக்காரர்களும் அப்படித்தான். உங்கள் பரம்பரையில் யாராவது கைதியாக வந்தவர்களா என்று போனிலேயே கேட்டுவிட்டார்கள். உண்மை ரொம்ப மொக்கையானது. தாத்தா ரோடு போடும் அரசாங்க வேலைக்கு ஆர்டர் வாங்கி, கப்பல் முழுக்க வாந்தி எடுத்தபடி வந்து இறங்கியவர். இதில் ஒரு கெத்தும் இல்லையே என்று பெரியப்பாவுக்குக் கவலை.

மறுநாளே அபர்டீன் பஜாரில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து துரையை வாங்கிவந்துவிட்டார். உள்ளங்கை அளவுதான். முட்டை வடிவச் சட்டம், கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புக் கோட்டும் பஞ்சு டோப்பாவும் மாட்டிய வெள்ளைக்காரர், புளித்த மோர் குடித்த முகம். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாம். பெயர் கடைக்காரருக்கே தெரியாது.

"கும்பினித் துரை நம்ம கொள்ளுத்தாத்தாவுக்கு ஆசையா குடுத்தது. எல்லாரும் இதையே சொல்லணும்" என்று பெரியப்பா ரிகர்சல் வைத்தார். கணக்குப்படி கொள்ளுத்தாத்தா அப்போது பிறந்தே இருக்க முடியாது என்று அப்பா முனகினார். அப்படியானால் எள்ளுத்தாத்தா என்று மாற்றிக்கொள் என்றார் பெரியப்பா.

இவ்வளவு ஏற்பாட்டில், அத்தைக்கு இந்த மாப்பிள்ளை இஷ்டமா என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கப்பல் டிக்கெட் கவுண்ட்டரில் வேலை பார்த்த தெலுங்கு அண்ணன் ஒருவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவார். நாங்கள் யாரும் எங்கும் போகாத வாரங்களில்கூட, கேம்பல் பே தீவுக் கப்பல் எப்போது வரும் என்று வாசல் கேட் அருகே நின்று அத்தையிடம் ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போவார். செம பொறுப்பான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்கும் நாளுக்கு முதல்நாளும் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு அத்தை என்னைச் சமையலறைக்குள் இழுத்துத் துரையைக் கையில் கொடுத்தாள்.

"மூக்கப் பாருடி. யாரு மாதிரி இருக்கு?"

நடுவில் மேடு, நுனியில் வளைவு. அச்சு அசல் பெரியப்பா.

"நாளைக்கு மாப்பிள்ளையோட அம்மா படத்தக் கையில எடுத்ததும் இதச் சொல்லு. ரொம்ப சந்தோஷப்படுவாங்க."

கூடவே ஒரு பெரிய சாக்லேட். ஏழு வயதில் அதற்காக நான் எதையும் சொல்வேன்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியோடு உட்கார்ந்திருக்க, பெரியப்பா கதையை அவிழ்த்துவிட்டார். ரிகர்சலில் இல்லாத முதலை ஒன்றும் உள்ளே வந்தது. எள்ளுத்தாத்தா அதன் வாயிலிருந்து துரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா படத்தைக் கையில் எடுத்தார். நான் எழுந்து நின்றேன்.

"துரைக்கும் எங்க பெரியப்பாவுக்கும் ஒரே மூக்கு."

அந்தம்மா படத்தைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு அப்பாவை, காபித் தட்டோடு நின்ற அத்தையை, கடைசியாக என்னை. எல்லோருக்கும் அதே குடும்ப மூக்கு. படத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்.

"படத்தத் தவிர துரை வேற என்னங்க குடுத்துட்டுப் போனாரு?"

பெரியப்பா முதலையை அப்படியே விட்டுவிட்டார். "அய்யோ, எங்கப்பா ரோடு போட வந்தவருங்க, சாமி சத்தியமா" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதை மட்டும் யாரும் நம்பவில்லை. பஜ்ஜி மிச்சமிருக்க, அவர்கள் டாக்ஸி ஏறிப் போய்விட்டார்கள்.

அத்தை உள்ளறையில் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள். தோள்கள் குலுங்கின. ஒரு கல்யாணத்தையே கெடுத்துவிட்டேன் என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது. மிச்சமிருந்த நாலு துண்டு சாக்லேட்டை அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டாள்.

"வாசல் கேட்டுகிட்ட போய் நில்லுடி. கப்பல் டைம் சொல்ற அண்ணன் வந்தா, ஒடனே என்னைக் கூப்பிடு."

போய் நின்றேன். இத்தனை அழுகைக்கு நடுவிலும் அத்தைக்குக் கப்பல் நேரம் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.