நான் துண்டித்த நான்கு அழைப்புகள்

பதினொன்றாம் வகுப்பு படித்தபோது என் கால்கள் ஓரிடத்தில் நிற்காது. தலைச்சோலை என்ற எங்கள் மலைக்கிராமத்தில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மேலே பலா மரத்தை ஒட்டிய பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். பனி இறங்கும் காப்பித் தோட்டத்தை எடுத்து நான் போட்ட வீடியோ ஒன்றை, முகம் தெரியாத எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். அதிலிருந்து பாறைக்கு ஓடுவதும் இறங்குவதுமாகவே இருந்தேன். சோற்றில் கை வைத்தால், யாராவது ஏதாவது எழுதியிருப்பார்களோ என்று பாதியில் எழுந்து ஓடுவேன். யாரும் எழுதாத நாளில் அம்மாமேல் எரிந்து விழுவேன்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவம், ஒரு சனிக்கிழமை. பாறையில் உட்கார்ந்திருந்தேன். புது வீடியோ பாதிதான் ஏறியிருந்தது. எஸ்டேட் வேலைக்குப் போயிருந்த அம்மா கூப்பிட்டாள். அழைப்பை எடுத்தால் என் போனில் நெட் நின்றுவிடும். துண்டித்தேன். மறுபடி வந்தது. நான்கு முறை துண்டித்தேன்.

வீடியோ ஏறியதும் இறங்கி வந்தேன். வாசலில் அம்மாவை, கூட வேலை செய்யும் அக்கா ஒருத்தி தாங்கிப் பிடித்திருந்தாள். பழமூட்டையோடு சரிவில் வழுக்கி விழுந்ததில் அம்மாவின் கணுக்கால் வீங்கியிருந்தது. எஸ்டேட்டிலிருந்து அவ்வளவு தூரமும் நொண்டியே வந்திருக்கிறாள்.

"நாலு தடவ கூப்புட்டேன் சாமி. சிக்னல் இல்லயாட்ட இருக்குது" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

தினமும் அவள் காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். வீடியோ ஆப்பை அழித்தேன். மறுநாளே பாறைக்குப் போய் மறுபடி ஏற்றினேன். எட்டாவது நாள், கஞ்சி கொடுக்கும்போது சொல்லிவிட்டேன்.

"சிக்னல் இருந்துச்சும்மா. நாந்தான் கட் பண்ணுனேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ ஒழுங்காச் சோறு திங்காமத் திரியறது எனக்குத் தெரியாதா கண்ணு? அந்தப் போனுல நொம்ப நாளா யாருகூடத்தான் பேசற?"

யோசித்தேன். ஒருவர் பெயரையும் சொல்ல முடியவில்லை. அழுதுவிட்டேன்.

அவள் போனைப் பிடுங்கவில்லை. போனை விட முடியவில்லை என்று பள்ளியில் டீச்சரிடம் நானே சொன்னேன். சேலத்தில் ஒரு மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார். கால் தேறியதும் அம்மா கூட்டிப்போனாள். பஸ் மலையிறங்கும்போது வளைவுக்கு வளைவு சிக்னல் வந்து வந்து போனது. போன் மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. வாந்தி வரும்வரை குனிந்து அதையே பார்த்துக்கொண்டு போனேன். அம்மா முதுகைத் தடவிவிட்டாள். மாதம் ஒருமுறை போனோம். நான்காவது தடவை போனை எடுக்காமலே ஜன்னலோரம் தூங்கிவிட்டேன். சேலம் வந்ததும் அம்மாதான் எழுப்பினாள்.