வைக்கோல் கன்றுக்கு அரபியில் ஒரு சொல்

எண்பதுகளின் நடுவில், ஒரே மாதத்தில் எங்கள் வீட்டில் இரண்டு சாவு. பிறந்து ஒன்பதாம் நாள் எங்கள் மகன் போனான். பத்து நாள் கழித்துப் பசுவின் கன்று. கன்றையும் சேர்த்தா எண்ணுவது என்று கேட்கலாம். என் மனைவி அப்படித்தான் எண்ணினாள்.

பாப்பிரெட்டிப்பட்டி மதரசாவில் அரபி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பழைய அகராதியிலிருந்து ஒட்டகம், ஆடு, மாடு பற்றிய சொற்களைப் பொறுக்கி நோட்டில் எழுதுவது என் பைத்தியம். ஒட்டகத்தை மண்டியிட வைக்கும் அதட்டலுக்கு ஒரு சொல், அதன் முழங்காலைக் கட்டும் கயிற்றுக்கு ஒரு சொல். ஒட்டகத்தை நான் தொட்டதுகூட இல்லை.

கன்று போனதும் பசு பால் விடவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் கன்றின் தோலில் வைக்கோல் திணித்துத் தைத்துக் கொண்டுவந்தார். "மோப்பம் இருந்தாப் போதும் பாய், சொரப்பு விட்ரும்" என்றார். பசு அதை நக்கியது, பால் இறங்கியது. அன்றே அகராதியைப் புரட்டினேன். இருந்தது: பவ்வு. கன்றை இழந்த ஒட்டகத்தின் முன் வைக்கும், புல் அடைத்த தோல். சந்தோஷம் தாங்காமல் மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பால் கட்டிய வலிக்கு மார்பில் துணியை இறுக்கிக்கொண்டு படுத்திருந்தாள். என் புத்தி அவ்வளவுதான்.

அதோடு விட்டேனா? மொரப்பூரில் இருந்த என் தங்கையை, மூன்று மாதக் கைக்குழந்தையோடு வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். எங்கள் மார்க்கத்தில் பாலூட்டியவளும் தாய்தான். மனைவிக்கு வலியும் குறையும், ஒரு மகளும் கிடைப்பாள் என்று நினைத்தேன். அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

தங்கை குழந்தையை அவள் மடியில் வைத்தாள். மனைவி உச்சியை முகர்ந்தாள். வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு, "தூக்கம் வர்றாட்டம் இருக்குது, உள்ள போடும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தங்கை பஸ் ஏறிய பிறகு மனைவி என்னிடம் கேட்டாள்.

"வெறுந்தோலுன்னு தெரிஞ்சுக்கிட்டே மோந்து பாக்குற ஒட்டகத்துக்கும் உங்க பொஸ்தகத்துல பேரு இருக்குதுங்களா?"

இருந்தது. அன்பாக முகரும், பால் மட்டும் விடாது. அதற்கு அலூக் என்று பெயர். பவ்வுக்கு அடுத்த வரியிலேயே எழுதி வைத்திருந்தேன்.

இல்லை என்றேன்.

"இல்லாம இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.