தார் பூசிய கண்ணாடி ஓடு

பட்டப்பகலில் டியூப்லைட் எரியும் அலுவலகத்துக்குள் நுழைந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சன்னல் திரையை விலக்கினால் குடியா முழுகிவிடும் என்று கேட்டே விடுவேன். அம்மாவிடமிருந்து வந்த கோபம் அது.

இலங்கையிலிருந்து வந்த எங்களுக்குக் கூடலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஓட்டு வீடு கொடுத்தார்கள். உள்ளே போனதும் அப்பா அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஓரிடத்தில் வெளிச்சம் தெரிந்தது. இலங்கையில் எங்கள் லயத்து வரிசை வீட்டின் தகரக் கூரையில் வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை என்று அர்த்தம். மழை வந்தால் பாய் நனையும். அப்பா ஏறிப் பார்த்துச் சிரித்தார்.

"ஓட்டைய கண்ணாடி வச்சா அடைப்பானுக?"

அதன்மேல் சாக்கைப் போட்டுத் தார் பூசினார். எங்களைப் போலவே வந்திருந்தவர்கள், வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படியே பூசினார்கள். குளிருக்குப் பயந்து சன்னலையும் திறப்பதில்லை. காலையிலிருந்தே விளக்கு எரியும். ரேஷன் மண்ணெண்ணெய் பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடும்.

அந்த வீட்டில்தான் தம்பி பிறந்தான். பிறந்ததிலிருந்து நெஞ்சுச் சளி. மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு தெரியும். பிழைப்பானா என்று அம்மா பயந்துபோயிருந்தாள். துணியில் பொதிந்து தோட்டத்து மருந்தகத்துக்குத் தூக்கிப்போனாள்.

"வெளக்குப் பொகை புள்ளைக்கு ஆகாதுங்க. பகல்ல அணைச்சுருங்க" என்றார் கம்பவுண்டர்.

"அணைச்சா அடுப்பே தெரியாதுங்களே."

"ஏனுங்க, கூரையில கண்ணாடி ஓடு இருக்குதில்லீங்க? வெளிச்சத்துக்குத்தானுங்க அதைப் போட்டிருக்குது."

அம்மா வீடு வந்ததும் தம்பியை என் மடியில் போட்டுவிட்டு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கூரையேறினாள்.

"மழை வந்தா ஒழுகும், எறங்கு" என்று அப்பா கீழிருந்து கத்தினார்.

"ஒழுகுனா ஒழுகட்டும். மொதல்ல புள்ள மூச்சு விடட்டும்."

தாரைச் சுரண்டச் சுரண்ட அடுப்பும் பாயும் எங்கள் முகங்களும் தெரிந்தன. அம்மா இறங்கி வந்து விளக்கை ஊதி அணைத்தாள். அவளைப் போல் துணிந்தவளை இன்றுவரை நான் பார்த்ததில்லை. அடுத்த மழையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அதன்பிறகு அப்பாவே கத்தியோடு பக்கத்து வீட்டுக் கூரைகளில் ஏறினார். எங்கள் வரிசையில் பகலில் விளக்கு எரிவது நின்றது.

தம்பியின் இழுப்பு மெல்ல மெல்ல அடங்கியது. ஒரு மத்தியானம் அந்த வெளிச்சத்தில் கிடந்தவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் கன்னத்தில் குழி விழும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.