சின்னதம்பி காணாத தென்கண்டம்

ஒல்லாந்துக்காரர் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாழ்ந்த காலம். குப்பத்து முனியனும் அவன் தங்கச்சி புருஷன் சின்னதம்பியும் அவர்களுடைய கப்பலில் வேலைக்குப் போனார்கள். புயலில் பாய்மரம் ஒடிந்து, கப்பல் தெற்கே வெகுதூரம் தள்ளிப்போய் ஒரு பெரிய கரையைக் கண்டது. தண்ணீர் தேடிப் படகில் இறங்கியவர்களில் முனியனும் ஒருவன். சின்னதம்பியோ காய்ச்சலில் அடித்தட்டை விட்டு எழவே இல்லை. அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கரையில் பார்த்ததை முனியன்தான் சொன்னான்.

ஊர் திரும்பியதும் அது சின்னதம்பியின் கதையாகிவிட்டது.

"மணலு, சட்டியில வறுத்தாப்ல செவப்பு! முயலு மூஞ்சி, ஆளு ஒசரம், அது பாட்டுக்குத் தாவித் தாவிப் போவுது!"

வலை பின்னுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முனியனின் பெண்டாட்டி வேலம்மாகூட அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"நீயுந்தான் போன. ஒரு வார்த்த சொல்ல வருதா உனக்கு?" என்றாள். முனியனுக்கு வயிறு எரிந்தது.

கோட்டை வைத்தியருக்குத் தமிழ் நன்றாக வரும். அவர் தேசத்துப் பெரிய கல்விச்சாலையின் புத்தகசாலைக்காக, அந்தக் கரை இருக்கும் தென்கண்டத்தைப் பற்றி யார் எழுதினாலும் அச்சுப் போடுகிறார்களாம். சின்னதம்பியை உட்காரவைத்து, அவன் சொல்லச் சொல்ல எழுதினார். கோட்டைக்குள் அவனுக்கு நாற்காலி போட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று முனியனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே வைத்தியரிடம் போய் நின்றான்.

"அவன் கால் வைக்கவே இல்லீங்க. எறங்கினவன் நானு."

"அப்படியா? நீயே சொல். மணல் எப்படி இருந்தது?"

முனியன் யோசித்தான். "சட்டியில வறுத்தாப்ல..." என்று தொடங்கியவன் வாயை மூடிக்கொண்டான். கண்ணால் பார்த்தவன் அவன். நாக்கில் வந்ததோ சின்னதம்பியின் பேச்சு. வைத்தியர் இறகை மசியில் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார். முனியன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

சில வருஷம் கழித்துப் புத்தகம் கப்பலில் வந்தது. முகப்பில் வைத்தியர் பெயர். உள்ளே, "ஒரு மீனவன் சொன்னது" என்று மட்டும் இருப்பதாக அவரே படித்துச் சொன்னார். சின்னதம்பியின் முகம் செத்துப்போயிற்று. முனியனுக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது.

அதன் பிறகு சின்னதம்பி கதை சொல்வதை விட்டுவிட்டான். ஒருநாள் ஏரியில் வலை இழுத்துக்கொண்டே கேட்டான்:

"மச்சான், அந்தக் கரையில ஆளுங்க யாரையாச்சும் பாத்தியா?"

முனியன் பார்த்திருந்தான். முழங்கால் தண்ணீரில் குனிந்து, நம் ஊர்ப் பெண்கள் மாதிரியே கையால் துழாவி நண்டு பிடித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. நிமிர்ந்து, இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து தன் வேலையைப் பார்த்தாள். கப்பலில் கஞ்சி ஊட்டும்போது எப்படியோ அதைச் சொல்ல விட்டுப்போயிருந்தது.

சொன்னால் சாயங்காலமே அவள் சின்னதம்பியைப் பார்த்துச் சிரித்ததாகக் குப்பமே பேசும்.

"யாருமே இல்ல மாப்ள," என்றான் முனியன். "கயித்த இழு."