பெக்கன் ஃபோர்டில் போர்த்திய பொன்னாடை

1999 அக்டோபர், முதல் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு ரிச்சர்ட்சனிலிருந்து மூன்று பேர் ஒரு காரில் கிளம்பினோம். போகிற ஊர் பெக்கன் ஃபோர்டு. டல்லாஸுக்குத் தெற்கே தொண்ணூறு மைல். சுற்றிப் பார்க்க என்று யாரும் போகிற ஊர் இல்லை. ஒரு பள்ளிக்கூடம், நாலு தேவாலயம், ஊரையே உட்காரவைக்கிற அளவுக்கு ஒரு ஃபுட்பால் மைதானம். இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்.

கார் செந்திலுடையது. அயனாவரத்துக்காரன், என் அறைத்தோழன். டிவியிலேயே அந்த ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவன். பின்சீட்டில் கிளாரன்ஸ், இடது காலைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்திருந்தார். பதினேழு வயதில் ஆட்டத்தில் போன முழங்கால். எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறார். கறுப்பர், ஐம்பதை நெருங்குகிறவர். எங்களுக்குக் கீழ் வீடு. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு மூன்று மாதம் ஆனது. ஊரில் என்றால் அண்ணன் என்றிருப்பேன். அவர் பேசியதையெல்லாம் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

பழக்கமானது நீச்சல் குளத்தில். ஜூன் மாதம் முழுக்க ஆபீஸ் விட்டு வந்ததும் அவர் அபார்ட்மென்ட் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். நின்றுவிட்டு ஏறிப் போய்விடுவார். ஒருநாள் நானே போய்க் கேட்டேன். நீந்தத் தெரியாது என்றார். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டித்தான். இரண்டு காலி பால் கேன்களை மூடி இறுக்கி, நைலான் கயிற்றால் அவர் முதுகில் கட்டிவிட்டேன். குளத்தைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மச்சி, யாராவது போலீஸுக்கு கால் பண்ணப் போறாங்க. டெரரிஸ்ட் மாதிரி இருக்காரு," என்றான் செந்தில்.

செப்டம்பரில் அவர் ஒரு கேனோடு குளத்தைக் கடந்தார்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அவருடைய பழைய கோச். பெக்கன் ஃபோர்டின் மைதானத்துக்குக் கோச் டல்லியின் பெயரை வைக்கலாமா என்று பள்ளி போர்டு இன்று பதினோரு மணிக்குக் கூடி ஓட்டெடுக்கிறது. யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். பெயர் வைக்க வேண்டும் என்பவர்கள் கிளாரன்ஸைக் கூப்பிட்டிருந்தார்கள், அவர்தான் அந்தப் பள்ளியின் முதல் கறுப்பு கேப்டன் என்பதால். அதே ஊரில் நர்ஸாக இருக்கும் தங்கை லொரெட்டாவோ, அவர் எதிர்த்துப் பேச வேண்டும் என்கிறாள். அவர் வாய் என்ன சொல்கிறதோ அதை வைத்துத்தான் போர்டில் இரண்டு மூன்று பேர் கையைத் தூக்குவார்கள் என்று பேச்சு.

"அப்ப என்ன பேசப் போறீங்க?" என்று செந்தில் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"இன்னும் முடிவு பண்ணல."

"தங்கச்சிக்கு என்ன கோபம்?"

"ஊருக்குப் போனா அவளே சொல்லுவா," என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குடும்பத் தகராறு போல என்று நான் விட்டுவிட்டேன்.

டல்லாஸின் உயரக் கட்டடங்களைத் தாண்டி நாற்பத்தைந்தாம் ஃப்ரீவேயில் ஏறியதும் நிலம் தட்டையாகிறது. உழுது போட்ட கரிசல், அறுத்து முடித்த சோளத்தட்டை, நடுவே தனித்தனி மரங்கள். கோயம்புத்தூரிலிருந்து உடுமலை போகும் வழியில் வேலிகளை எடுத்துவிட்டால் இப்படி இருக்கும். என்னிஸில் பெட்ரோல் போட்டோம், காலன் ஒரு டாலர் பதினேழு சென்ட். அங்கே பெட்ரோல் பங்கிலேயே கொலாச்சி என்று ஒன்று விற்கிறார்கள். இனிப்பு பன்னுக்குள் பழக்கூழோ சாசேஜோ வைத்தது. செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பண்டமாம். ஒன்று எழுபத்தைந்து சென்ட். செந்தில் நான்கு சாப்பிட்டான்.

வண்டி மறுபடி கிளம்பியபோது செந்தில் என் மடியில் இருந்த பையைக் காட்டினான். "டேய், அது என்னடா?"

பொன்னாடை. முந்தின நாள் பிளானோவில் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் பன்னிரண்டு டாலருக்கு வாங்கினேன். மெரூன் நிறம், ஜரிகைக் கரை. கடை ஆண்ட்டி, "யாருக்குத் தம்பி, மாமனாருக்கா?" என்றார். பாராட்டு விழாவுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? எங்கள் பக்கம் மேடையேறித் திட்டப் போகிறவர்கூட முதலில் சால்வை போர்த்திவிட்டுத்தான் திட்டுவார்.

"இது வோட்டிங் மீட்டிங்டா. மாநாடு இல்ல."

"பெரியவர் வருவாருல்ல? போர்த்திட்டு வந்துருவோம்."

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கூட்டம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். மடக்கு நாற்காலிகள், முன்னால் நீளமேசை, மைக்கின் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு குட்டி சிக்னல் விளக்கு. மூன்று நிமிடம் முடிந்தால் சிவப்பு. முதல் வரிசையில் கோச் டல்லி உட்கார்ந்திருந்தார். எண்பது இருக்கும். காதில் மெஷின், கையில் வாக்கர், தலையில் பள்ளிக்கூடத்துத் தொப்பி. நரைத்த ஆண்கள் வரிசையில் நின்று அவர் கையைக் குலுக்கினார்கள். இரண்டொருவர் அழுதார்கள். கிளாரன்ஸ் லொரெட்டாவைத் தேடி வெளியே போயிருந்தார்.

நான் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பையைப் பிரித்து, சால்வையை உதறி, அவர் தோளில் போர்த்திக் கும்பிட்டேன். அவர் கொஞ்சமும் திகைக்கவில்லை. தலையை வாகாகக் குனிந்து கொடுத்தார். கரையைத் தடவிப் பார்த்து, "உங்கம்மா நெய்ததா?" என்றார். இல்லை, பிளானோவில் வாங்கியது என்றேன். கூடம் சிரித்தது. யாரோ படம் எடுத்தார்கள்.

திரும்பினால் வாசலில் கிளாரன்ஸும் ஓர் உயரமான பெண்ணும். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"பால் கேன் பையன் நீதானா?"

"ஆமாங்க."

"என் கூட வா."

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பூங்கா. ஊஞ்சல், நாலு பெஞ்சு, நடுவே நீள்சதுரமாகப் புல். அதன் ஓரமாக நீலமும் வெள்ளையுமாகப் பதித்த ஓடுகள் அங்கங்கே மண்ணுக்கு வெளியே தெரிந்தன. ஒரு முனையில் முறிந்த சிமெண்ட் மேடை. குதிப்பதற்கான பலகை வைத்திருந்த மேடை அது.

"இது ஊர் நீச்சல் குளம்," என்றாள் லொரெட்டா. "கறுப்பங்கன்னு எங்களை உள்ள விடமாட்டாங்க. டல்லி கோச் வேலையை விட்டுட்டு மேயர் ஆனார். எல்லாரையும் விடணும்னு கோர்ட் சொல்லிருச்சு. அவர் தொறக்கல. லாரி லாரியா மண்ணைக் கொட்டி மூடிட்டார். யாருக்கும் இல்லாமப் போகட்டும்னு."

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

"தெரியாதுன்னு எனக்கும் தெரியுது. ஆனா படம் எடுத்துட்டாங்க. கிளாரன்ஸ் தன் ஆளை விட்டே மரியாதை பண்ணிட்டான்னு உள்ள இப்ப பேசிட்டிருப்பாங்க."

கூடத்துக்குத் திரும்பினோம். கிளாரன்ஸிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் தோளைத் தட்டி உட்காரச் சொன்னார்.

ஆறேழு பேர் பேசிய பிறகு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். காலை இழுத்தபடி மைக்குக்குப் போனார். பச்சை விளக்கு எரிந்தது.

"வெள்ளைக்காரங்க பள்ளிக்கூடத்தையும் எங்க பள்ளிக்கூடத்தையும் ஒண்ணாக்கின வருஷம், என்னை ஆட விட்டா இந்த மைதானத்தைக் கொளுத்திருவோம்னு சொன்னாங்க. கோச் என்னை ஆட விட்டார். கேப்டன் ஆக்கினார். முழங்கால் போச்சு. ஆடாதவனுக்கு எந்தக் காலேஜ் இடம் கொடுக்கும்? அவரே தன் ட்ரக்குல இருநூறு மைல் கூட்டிட்டுப் போய், ஒரு ஆபீஸ் வாசல்ல பகல் முழுக்க உட்கார்ந்து இடம் வாங்கிக் கொடுத்தார். என் வேலை, என் வீடு, எல்லாம் அந்த ட்ரக்குல ஏறி வந்தது."

முன்வரிசையில் தலைகள் ஆடின. லொரெட்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் அவர் மேயர். நான் லீவுக்கு வந்திருந்தேன். எங்க தெருப் பசங்க கிட்ட நான்தான் சொன்னேன், கோச் நம்ம ஆளு, துண்டை எடுத்துக்கிட்டு வாங்கடான்னு. கேட்டுக்கு முன்னால லாரி நின்னுச்சு. பக்கத்துல அவர், இதே தொப்பியோட. என்னைப் பார்த்தார். லாரிக்காரனுக்குக் கையைக் காட்டினார்."

மஞ்சள்.

"ஒண்ணுலேருந்து ஒண்ணைக் கழிச்சா மீதி என்ன வருதுன்னு அன்னிக்கிலேருந்து பார்க்கறேன். எனக்குக் கழிக்க வரல. இனிமே கழிக்கப் போறதில்ல. மைதானத்துல அவர் செஞ்சது செஞ்சதுதான். பேரை வைங்க. மண்ணை எடுங்க. நான் நீந்தக் கத்துக்கிட்டது இந்த வருஷம். அதோ உட்கார்ந்திருக்கானே அந்தப் பையன், முதுகுல பால் கேன் கட்டிக் கத்துக்கொடுத்தான்."

சிலர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். சிவப்பு எரிந்தது. அவர் மைக்கை விட்டு நகர்ந்துவிட்டார்.

போர்டில் ஏழு பேர். ஐந்துக்கு இரண்டு என்று பெயர் வைக்க முடிவானது. கண்ணாடி போட்ட தலைவியம்மாள், குளம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் அதைப் பற்றி இன்று எதுவும் எடுத்துக்கொள்ள முடியாது என்று வருத்தம் தெரிவித்தார். அவ்வளவுதான்.

கூட்டம் கலைகையில் கோச் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கிளாரன்ஸ் முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் நான். மண்ணைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"இடது காலை இன்னும் முழுசா ஊனமாட்டேங்கறியே," என்றார்.

"ஊனினா வலிக்குது, கோச்."

"நீந்தறது நல்லது அதுக்கு."

அவர் தோளிலிருந்து பொன்னாடை நழுவியது. கிளாரன்ஸ் அதைப் பிடித்து மறுபடி சரியாகப் போர்த்திவிட்டார். கிழவர் அப்படியே வெளியே போனார். வெயிலில் ஜரிகை பளபளத்தது.

லொரெட்டா வீட்டில் பொரித்த மீனும் சோள ரொட்டியும். அவள் அண்ணனோடு பேசவில்லை. ஆனால் அவர் தட்டில்தான் முதல் மீன் விழுந்தது. என்னிடம், "அந்தத் துணி எவ்வளவு?" என்றாள்.

"பன்னிரண்டு டாலருங்க."

"என்கிட்ட கேட்டிருந்தா அந்தக் காசுல குளத்துக்கு நல்லதா நாலு துண்டு வாங்கியிருக்கலாம்." கொஞ்சம் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். பூங்கா பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி கிளாரன்ஸ் இறங்கினார். புல்லின் இந்த முனையிலிருந்து சிமெண்ட் மேடை வரை நிதானமாக நடந்து போய்த் திரும்பி வந்தார். "அந்தப் பக்கம் ஒன்பது அடி ஆழம்," என்று மட்டும் சொன்னார்.

என்னிஸ் தாண்டியதும் அவர் என்னைக் கேட்டார். "மணி, நீ எங்க கத்துக்கிட்ட?"

"பாறைக்குழில. கல் வெட்டி எடுத்துட்டு விட்ட பள்ளம். மழைத்தண்ணி நிக்கும்."

"உங்க ஊர்ல கிணறு கிணறா இருக்கும்னு சொன்னியே."

"கிணறு பண்ணாடியோடது. எங்க தெரு ஆளுங்க இறங்கக் கூடாது."

பண்ணாடி என்றால் நிலக்காரர். என் அப்பா வேலை செய்த தோட்டத்துக்காரர். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவரும் அவர்தான். எங்கள் தெருப் பிள்ளைகளையும் உள்ளே உட்காரவைக்க வேண்டும் என்று வாத்தியாரோடு சண்டை போட்டுச் சேர்த்தவரும் அவர்தான். எங்கள் வீட்டில் முதன்முதலில் கையெழுத்துப் போட்டவன் நான். அவர் இறந்த பிறகு அப்பா அவர் படத்தை வீட்டில் மாட்டியிருக்கிறார். பள்ளிக்கு வரும் தையில் பொன்விழா. மலரில் போட அவரைப் பற்றி அமெரிக்காவிலிருந்து நான் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று தலைமையாசிரியர் போனில் கேட்டிருந்தார். பாதி எழுதிவிட்டேன். வள்ளல், வழிகாட்டி என்று நன்றாகவே வந்திருந்தது. போன வாரம் செந்திலுக்குப் படித்துக்கூடக் காட்டினேன்.

இதையெல்லாம் கிளாரன்ஸிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "மூணு நிமிஷம் கொடுத்தா என்ன சொல்லுவ?" என்றார். பிறகு தூங்கிவிட்டார்.

டல்லாஸ் கட்டடங்கள் தெரிகிற வரை அந்தப் பாதிப் பக்கத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டே வந்தேன். வந்து இரண்டு வருடத்தில் இந்த நாட்டுத் தலைவர்களைப் பற்றி எத்தனை சாப்பாட்டு மேசைகளில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். இவன் யோக்கியன், அவன் திருடன் என்று டிவி பார்த்துக்கொண்டே சொல்வது சுலபம். அந்த மனிதன் கொடுத்த சோற்றைத் தின்றவன் சொல்வதுதான் கஷ்டம். கிளாரன்ஸ் அதைத் தன் ஊரில், ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது சொன்னார்.

ரிச்சர்ட்சன் எக்ஸிட் வருவதற்குள் வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன்.

"எங்கள் தெருப் பிள்ளைகள் படிக்க இடம் கொடுத்தவர் ஐயா. அவர் கிணற்றில் நாங்கள் இறங்கியதில்லை, இறங்க விடமாட்டார். நான் எழுதப் படித்தது அவர் இடத்தில், நீந்தப் படித்தது பாறைக்குழியில்."

செந்தில் ரேடியோவைத் தணித்தான். "மச்சி, இதைப் போடுவாங்களா?"

"தெரியாது."

"உங்கப்பா?"

ஊரில் அப்போது ஞாயிறு விடியப் போகிற நேரம். அப்பா எழுந்து விளக்கேற்றி, அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்பார். அபார்ட்மென்ட் வாசலில் கார் நின்றதும் கிளாரன்ஸ் கண் விழித்தார். இறங்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "இன்னும் வெளிச்சம் இருக்கு. குளத்துக்குப் போலாமா?" என்றார்.

கேனை எடுத்துவர மாடிக்கு ஏறப் போனேன். வேண்டாம், இன்றைக்குக் கேன் வேண்டாம் என்றார்.